டொனிங்ரன் கார்கள்



இங்கிலாந்தின் லெஸ்ரர்ஷயரிலுள்ள டொனிங்ரன் பந்தயத் திடலில் 1937இலும் 1938இலும் ஜெர்மனியின் ஓட்டோ யூனியன் கார்கள் வாகை சூடின. அவற்றைக் கண்டு மயங்கிய இளைஞருள் ஒருவர் ரொம் வீற்குறொவ்ற். யுத்தம் மூண்டதும் படையினர் திடலை வாகனக் களஞ்சியமாக்கினர். பந்தயப் பாதை பாழ்பட்டது. பின்னாளிற் கட்டிடத் தொழிலிற் பொருளீட்டிய வீற்குறொவ்ற், 1971இல் அத்திடலையே விலைக்கு வாங்கிவிட்டார்! 1973இல், தாம் தேடிச் சேர்த்த பந்தயக் கார்களை அங்கே பொதுமக்கள் பார்வைக்கு வைத்தார்.

அவற்றைப் பார்த்தோர் ஒன்றுகூடினால், பீ. ஆர். எம். காரின் பேச்சு எழாமற் போகாது. ஒன்றரை லீற்றர் எந்திரத்துக்குள் 16 உருளைகள்! பந்தயங்களில் அது அடிக்கடி பழுதுற்று நின்றது உண்மையே. ஆயினும் அதன் ஓலத்தை ஒருமுறை கேட்டவர் மறவார். உற்பத்தியாளருக்கான முதலாவது உலகப் பட்டத்தை 1958இல் வென்ற வான்வாலின் பச்சைக் கார்களும் அங்கிருந்தன.

1993இல் டொனிங்ரனிலே கிராண்ட் பிறீ பந்தயம் நடைபெற்றது. மழையிலே அயர்ட்டன் சென்னா வென்றார். வீற்குறொவ்ற்றின் நெடுநாட் கனவும் அன்று நிறைவேறியது. 2009இல் அவர் மறைந்தார். 2018 நவம்பரில் காட்சிசாலை மூடப்பட்டது.

தனியார் உடைமை, ஏனென்று கேட்க நமக்கு உரிமையில்லைத்தான். ஆயினும் அந்த வரிசையைத் தம் பிள்ளைகளுக்குக் காட்ட எண்ணியிருந்தோர், இப்போது பழைய நிழற்படங்களையே எடுத்து விரிக்கின்றனர்.