அருவியில் இறங்குமுன் மலையைப் பாருங்கள்



பீடோங் வட்டாரத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் குனோங் ஜெராய் மலையை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வாசலில் நின்றாலே வடமேற்கில் அது தெரியும். அதன் உச்சியில் மேகம் கவிந்தால், மங்கில் மழைநீர் விழுந்து பால் வீணாகிவிடுமே என்று நம் பெற்றோர் கவலைப்பட்டார்கள். இன்று ரப்பர் குறைந்து செம்பனை மிகுந்துவிட்டது. ஆனால் மலை அங்கேயேதான் இருக்கிறது. விடுமுறை வந்தால் நம் பிள்ளைகளை அருவிக்கு அழைத்துக்கொண்டே இருக்கிறது.

ஜெராயின் உயரம் 1217 மீட்டர். கடலோரச் சமவெளியிலிருந்து தனித்து எழுந்து நிற்பதால், முற்காலத்தில் கப்பலோட்டிகளுக்கு அது நல்ல அடையாளமாக விளங்கிற்று. 1025-ஆம் ஆண்டில் முதலாம் இராசேந்திர சோழனின் கடற்படை வென்ற கடாரம் இந்தப் பகுதிதான் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. மலையின் தென்புறத்தில் மெர்போக்கில், ஓடைக்கரை ஓரமாக இருக்கும் புக்கிட் பத்து பஹாட் கோயிலின் கல் அடித்தளத்தை இன்றும் காணலாம். அங்கிருந்து தொலைவில் இல்லை துப்பா அருவி. மலையின் மேற்குப் பக்கம் யான் வட்டாரத்தில் தித்தி ஹாயுன், ஸ்ரீ பெரிகி முதலிய அருவிகள் இருக்கின்றன.

இந்த அருவிகளுக்குப் போவது எப்படி என்று சொல்ல நான் வரவில்லை. பாதை எல்லாருக்கும் தெரியும். போன பிள்ளைகள் பத்திரமாகத் திரும்பி வருவது எப்படி என்பதைப் பற்றியே பேச விரும்புகிறேன். அதற்கு முதலில் என் பிழையைச் சொல்லிக்கொள்ள வேண்டும்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலிருந்து வெளிவந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. நான் பணியாற்றிய தோட்டப் பள்ளியின் ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர் பதினொரு பேரை, ஒரு சனிக்கிழமை ஜெராயின் அடிவாரத்து ஓடை ஒன்றுக்கு வேனில் அழைத்துச் சென்றேன். ஒரு மாணவியின் தாத்தா துணைக்கு வந்தார். நாற்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். காட்டுப் பாதையில் முக்கால் மணி நேரம் நடந்தோம். கால் சட்டையில் ஏறிய அட்டையைப் பார்த்துப் பிள்ளைகள் அலறினார்கள்; பிறகு அதையே எண்ணத் தொடங்கிவிட்டார்கள். பிரம்புக் கொடியின் முள்ளையும் பாறையில் படர்ந்த பாசியையும் தொட்டுப் பார்த்தார்கள். நீரின் ஓசை கேட்டதும் ஒரே ஓட்டம்.

எல்லாரும் நீரில் இறங்கினார்கள். தலைக்கு மேல் நீல வானம், நல்ல வெயில். ஆனால் அந்தத் தாத்தா மட்டும் கரையில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து, ஓடையின் மேற்புறத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்கள் குளிக்கவில்லையா, தாத்தா?" என்று கேட்டேன். "நீங்க பிள்ளைங்களைப் பாருங்க டீச்சர். நான் தண்ணியைப் பார்க்கிறேன்" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் எழுந்து நின்றார். "எல்லாரும் மேலே ஏறுங்க! சாமானை விடுங்க, ஏறுங்க!" என்று கத்தினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அந்தக் குரலுக்குப் பிள்ளைகள் கட்டுப்பட்டார்கள். சரிவைப் பிடித்து ஏறி நின்று எண்ணிப் பார்த்தேன். பதினொரு பேரும் இருந்தார்கள். பத்து நிமிடம்கூட ஆகியிராது. நாங்கள் சோற்றுப் பொட்டலங்களை வைத்திருந்த பாறையைக் காணவில்லை. அதன் மேலாகப் பழுப்பு நீர் இரைச்சலோடு பாய்ந்துகொண்டிருந்தது. எங்கள்மேல் ஒரு துளி மழை விழவில்லை.

அவர் என்ன பார்த்தார்? தெளிந்த நீரில் முதலில் சருகுகள் கூட்டமாக வந்தன. பிறகு குச்சிகள் வந்தன. அப்புறம் நீர் கலங்கியது. பயிற்சி பெற்ற ஆசிரியராகிய நான் என் தலைக்கு மேலிருந்த வானத்தை மட்டும் பார்த்தேன். மலையுச்சியை மறைத்திருந்த கருமேகத்தைப் பார்க்கவில்லை. அதுதான் என் பிழை.

மலாய்க்காரர்கள் இதனைக் 'கெப்பாலா ஆயர்' என்பார்கள். நீரின் தலை என்று பொருள். இது எவ்வாறு உண்டாகிறது? கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதி மேலேறும்போது குளிர்ந்து மழையாகிறது. அதனால் அடிவாரத்தில் வெயில் அடிக்கும்போதே உச்சியில் பெருமழை கொட்டலாம். காட்டின் வேர்களும் சருகுப் படுகையும் அந்த நீரில் ஒரு பகுதியைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைக்கின்றன. மழையில்லா நாளிலும் ஓடை ஓடுவது அதனாலேயே. ஆனால் பஞ்சு நிறைந்த பின் எஞ்சிய நீர் சரிவில் பாய்கிறது. ஜெராய் போன்ற செங்குத்தான மலையில் ஓடைகள் நீளத்தில் குறைந்தவை; உச்சியில் விழுந்த மழை வெகு விரைவில் அடிவாரத்துக்கு வந்துவிடும். சில வேளை மண் சரிந்தும் மரங்கள் விழுந்தும் ஓடையை அடைத்துக்கொள்ளும். அந்த அடைப்பு உடையும்போது நீரும் சேறும் மரக்கட்டையும் பாறையும் சேர்ந்து வருகின்றன.

ஒரு கன மீட்டர் நீரின் எடை 1000 கிலோ. நீரின் வேகம் இரண்டு மடங்கானால், அது நம் கால்களைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். எனக்கு நீச்சல் தெரியும் என்று சொல்லும் இளைஞர்கள் இந்தக் கணக்கை நினைவில் வைக்க வேண்டும்.

2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 18-ஆம் நாள் ஜெராயில் இதுவே பேரளவில் நிகழ்ந்தது. யான், மெர்போக் வட்டாரங்களில் வெள்ளம் மரங்களையும் பாறைகளையும் உருட்டி வந்து உயிர்களைப் பறித்தது. வீடுகளில் சேறு நிரம்பியது. 2022-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள், பாலிங் வட்டாரத்தில் குனோங் இனாஸ் மலையிலிருந்து வந்த வெள்ளம் மூவரைப் பலிகொண்டது. 2024-ஆம் ஆண்டு மே 17-ஆம் நாள் தமிழகத்தில் பழைய குற்றால அருவியில் திடீரென வெள்ளம் பெருகி, 17 வயது மாணவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். ஆண்டும் ஊரும் வேறு; கீழே இருந்தவர்கள் அறியுமுன் மேலிருந்து நீர் வந்தது என்பது ஒன்றே.

நேயர்களே, அன்று ஓடையிலிருந்து திரும்பிய பின், இனிப் பிள்ளைகளைக் காட்டுக்கு அழைத்துச் செல்வதில்லை என்று முடிவு செய்தேன். பெற்றோரும் அதுவே சரி என்றார்கள். பல ஆண்டுகள் அந்த முடிவில் நின்றேன். பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். நான் அழைத்துச் செல்லாத பிள்ளைகள், பதினாறு வயதில் மோட்டார் சைக்கிளில் தாங்களே அருவிக்குப் போனார்கள். பெரியவர் எவரும் உடன் போகவில்லை. நீரைப் பார்க்க அவர்களுக்கு யாரும் கற்றுக்கொடுத்திருக்கவுமில்லை. தடுத்தோம் என்று நான் நினைத்தது, உண்மையில் கற்பிக்காமல் விட்டதுதான்.

ஆகவே இப்போது வகுப்பில் ஒரு சோதனை செய்து காட்டுகிறேன். வீட்டிலும் செய்யலாம். ஒரு நீண்ட தகரத்தைச் சாய்த்து வைத்து அதன்மேல் மணல் பரப்புங்கள். நடுவே விரலால் ஓடை கீறி, குச்சிகளாலும் களிமண்ணாலும் அதை அடையுங்கள். கீழே ஒரு சின்னப் பொம்மையை நிறுத்துங்கள். மேலே குவளையால் நீர் ஊற்றுங்கள். முதலில் கீழே நீர் குறைந்து பொம்மை உலர்ந்தே நிற்கும். அடைப்பு உடைந்ததும் பொம்மை எங்கே என்று தேட வேண்டும். ஒரு முறை பார்த்த பிள்ளைக்கு விளக்கம் தேவையில்லை.

இறுதியாக, மாணவச் செல்வங்களே, இவற்றை மனத்தில் இருத்துங்கள்.

முதலாவது, எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். பள்ளத்தாக்கில் கைப்பேசி வேலை செய்யாமல் போகலாம். காப்புக் காட்டுக்குள் மலையேறுவதானால் வன இலாகாவின் அனுமதி பெறுங்கள்.

இரண்டாவது, நீரில் இறங்குமுன் மலையுச்சியைப் பாருங்கள். அங்கே கருமேகம் இருந்தாலோ இடி கேட்டாலோ இறங்காதீர்கள்.

மூன்றாவது, குழுவில் ஒருவர் எப்போதும் கரையில் இருந்து நீரையே பார்க்க வேண்டும். முறை வைத்துப் பாருங்கள்.

நான்காவது, நீர் கலங்கினாலும், சருகும் குச்சியும் திரண்டு வந்தாலும், இரைச்சல் கூடினாலும், நீர் திடீரென்று குறைந்தாலும் உடனே வெளியேறுங்கள். ஓடையின் வழியே கீழ்நோக்கி ஓடாதீர்கள். பக்கத்துச் சரிவில் மேலே ஏறுங்கள். பைக்காகவும் செருப்புக்காகவும் திரும்பாதீர்கள். எதிர்க்கரையில் மாட்டிக்கொண்டால், நீர் வடியும்வரை அங்கேயே காத்திருங்கள்.

ஐந்தாவது, அருவி விழும் இடத்தின் வெண்ணுரையை நம்பாதீர்கள். அதில் காற்றுக் கலந்திருப்பதால் உடல் எளிதில் மிதக்காது.

அந்தத் தாத்தா இன்று இல்லை. அவர் எந்தக் கல்லூரியிலும் படித்தவர் அல்லர். இப்போது நான் மாணவர்களை மறுபடியும் ஓடைக்கு அழைத்துச் செல்கிறேன். கரையில் அவர் உட்கார்ந்ததுபோல் ஒரு கல்லைத் தேடி, ஆறாம் ஆண்டு மாணவர் ஒருவரை உட்கார வைக்கிறேன். "நீ தண்ணீரைப் பார். நான் பிள்ளைகளைப் பார்க்கிறேன்" என்று சொல்கிறேன். விளையாட முடியவில்லையே என்று அந்தப் பிள்ளை முதலில் முகம் சுளிக்கும். சிறிது நேரத்தில் அதன் கண் நீரைவிட்டு அகலாது.