அட்டையும் அறிவு யந்திரமும்
(பரளச்சியில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

செயற்கை அறிவு யந்திரம் நம் பிள்ளைகளின் பிழைப்பைப் பறித்துவிடுமென்று இவ்வூர்ப் பெரியவர்கள் அஞ்சுகின்றனர். அவ்வச்சம் வீணன்று, விசைத்தறியால் அருப்புக்கோட்டைக் கைத்தறிக்காரர் பட்ட பாட்டை யாவரும் அறிவோம்.

எனினும் அதன் பூர்வீகத்தைச் சற்று நோக்குவோமாக. 1804-இல் பிரான்சு தேசத்து ஜக்கார்டு என்பார், துளையிட்ட அட்டைகளைக் கொண்டு பூவேலை நெய்யும் கருவி அமைத்தார். துளை இருப்பின் பாவிழை உயரும், இல்லையேல் உயராது. உண்டு, இல்லை என்னும் இவ்விரண்டே கணினிக்கும் பாஷை. ஆங்கிலேயராகிய பாபேஜ் தமது கணித யந்திரத்திற்கு அத்தகைய அட்டைகளையே கொள்ளக் கருதினார்.

சேலைக் கரைக்கு ஜக்கார்டுப் பெட்டியில் அட்டை கோத்த நம் நெசவுக் குலத்தார்க்கு இவ்வித்தை அந்நியமன்று. ஆயினும் அட்டைக்குரியவன் முதலாளி, நெய்தவன் கூலியாள் என்றே நின்றுவிட்டோம். அது மீளவும் நேராதிருக்க, ஆண்மக்களேயன்றிப் பெண்மக்களும் கணினி பயிலச் சங்க நிதியில் ஒரு பங்கு ஒதுக்குமாறு வேண்டுகிறோம். ஆண்டுவிழாப் பந்தற் செலவில் பாதியே போதும்.