நூறு சதவீதம் யாருக்காக?

(சமுதாயக் கல்வி நிறுவனங்களின் நிர்வாகிகள், ஆசிரியர்கள், பெற்றோர்கள் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



தேர்வு முடிவு வந்ததும் நமது பள்ளிக்கூட வாசல்களில் ஒரு பேனர் தொங்கும். பத்தாம் வகுப்பில் 100 சதவீதத் தேர்ச்சி என்று எழுதியிருக்கும். பார்ப்பவருக்கு நெஞ்சு நிறையும். அந்தப் பேனரைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். மேடையில் நின்று பிறர் குறையைச் சொல்வது எளிது. ஆகவே முதலில் என் குறையைச் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியின் நிர்வாகக் குழுவில் நான் இருந்தேன். ஒன்பதாம் வகுப்பில் படிப்பு வராத ஆறு பையன்களின் பட்டியல் எங்கள் முன் வைக்கப்பட்டது. "இவர்களைப் பத்தாம் வகுப்பில் உட்கார வைத்தால் ரிசல்ட் இறங்கிவிடும் ஹஜ்ரத். டி.சி. கொடுத்துவிடலாம்" என்றார்கள். பெற்றோரே விரும்பிக் கேட்டதாக எழுதிக்கொண்டோம். நானும் கையெழுத்திட்டேன். மறு ஆண்டு 100 சதவீதம் வந்தது. இனிப்பு வழங்கினோம்.

பிறகொரு நாள் மளிகை மண்டியில் அந்த ஆறு பேரில் ஒருவனைக் கண்டேன். தோளில் இருந்த மூட்டையை இறக்கி வைத்துவிட்டு ஸலாம் சொன்னான். சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டி, "எந்தக் கடைக்குப் போகணும்னு கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க ஹஜ்ரத்" என்றான். ஒன்பது ஆண்டுகள் நமது பள்ளியில் அமர்ந்திருந்த பிள்ளை அவன்! நாம் கொண்டாடிய அந்த நூறில் இவன் எங்கே? கையெழுத்திட்ட கையோடு நான் ரப்பின் முன் எப்படி நிற்பேன்?

சகோதரர்களே! 2006இல் வெளிவந்த சச்சார் குழு அறிக்கை ஒரு பொய்யை உடைத்தது. முஸ்லிம் பிள்ளைகள் எல்லாம் மதரஸாவில்தான் படிக்கிறார்கள் என்பது அந்தப் பொய். மதரஸாவில் முழுநேரம் ஓதுகிறவர்கள் நூற்றில் நான்கு பேருக்கு மேல் இல்லை என்றது அறிக்கை. மதரஸாவில் ஓதிவந்த நான் இதை இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்: சமுதாயத்தின் எதிர்காலம் பள்ளிக்கூடங்களின் கையில் இருக்கிறது. அங்கே பிள்ளை கற்கவில்லை என்றால் இட ஒதுக்கீடு வாங்கி வைத்தும் அதில் போய் அமர ஆள் இருக்காது. 2007இல் போராடிப் பெற்ற 3.5 சதவீதம் மூட்டை தூக்கும் அந்தப் பையனுக்கு என்ன தந்தது?

உரிமையும் பொறுப்பும்

அரசியல் சாசனத்தின் 30ஆவது பிரிவு, நமது கல்வி நிறுவனங்களை நாமே நிறுவி நிர்வகிக்கும் உரிமையைத் தந்திருக்கிறது. அதைக் காக்க நாம் எந்தப் போராட்டத்திற்கும் தயார். ஆனால் 1958இல் கேரளக் கல்வி மசோதா பற்றிக் கருத்துரைத்த உச்ச நீதிமன்றம், நிர்வகிக்கும் உரிமை என்பது சீர்கெட நிர்வகிக்கும் உரிமை ஆகாது என்பதையும் சேர்த்தே தெளிவுபடுத்தியது.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்றது. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அச்சட்டம் பொருந்தாது என்று 2014இல் தீர்ப்பு வந்தது. நாம் நிம்மதிப் பெருமூச்சு விட்டோம். 2025இல் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அத்தீர்ப்பின் மீது ஐயம் எழுப்பி, பெரிய அமர்வின் பார்வைக்கு அனுப்பினார்கள். அந்த வழக்கை வழக்கறிஞர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நான் கேட்பது வேறு. சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்பதற்காக, ஒரு தாய் தன் பிள்ளையின் படிப்பைப் பற்றிப் பேச நமது பள்ளியில் இடமில்லாமல் போக வேண்டுமா?

மக்தப் தரும் பாடம்

மக்தபில் ஓதியவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனி சபக். நேற்றைய பாடத்தை ஒப்புவிக்காமல் இன்றைய பாடம் கிடையாது. பக்கத்தில் இருப்பவன் எந்த ஜுஸ்வில் இருந்தால் என்ன? இவன் பாடம் இவனுக்கு. நாமும் பிரம்பைத் தேவைக்கு மேல் எடுத்தோம், பொருள் விளங்காமல் மனனம் செய்ய வைத்தோம். அந்தக் குறைகளை மறைக்கவில்லை. ஆனாலும் எந்தப் பிள்ளை எங்கே நிற்கிறது என்பது உஸ்தாதுக்குத் தெரிந்திருந்தது. பள்ளிக்கூடத்திலோ பாடப்புத்தகம் ஓடுகிறது, பிள்ளை பின்தங்கி நிற்கிறது. 2022இல் தமிழக அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் சின்ன வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பித்ததும் ஏறக்குறைய இதே வழிதான்.

தலைமை என்றால் என்ன?

பத்ருப் போரின்போது நபி (ஸல்) அவர்கள் ஓரிடத்தில் முகாமிட்டார்கள். ஹுபாப் பின் முன்திர் (ரலி) என்ற தோழர், இது வஹீயா, அல்லது போர் உத்தியா என்று கேட்டார். உத்திதான் என்றதும் தண்ணீருக்கு அருகில் வேறிடத்தைச் சொன்னார். பெருமானார் (ஸல்) இடத்தை மாற்றினார்கள். ஜிப்ரீல் (அலை) மறுமை நாள் எப்போது என்று கேட்டபோது, கேட்கப்பட்டவர் கேட்டவரைவிட அதிகம் அறிந்தவரல்ல என்று சபையிலேயே சொன்னார்கள். அல்லாஹ்வின் தூதரே ஆலோசனை கேட்டார்கள், அறியாததை அறியாதது என்றார்கள். நமது பள்ளியில் ஓர் இளம் ஆசிரியை, "என் வகுப்பில் எட்டுப் பேருக்கு வாசிக்கத் தெரியவில்லை" என்று பயமில்லாமல் சொல்ல முடிகிறதா? சொன்னால் மெமோ வருமா, உதவி வருமா? தலைமையின் தரத்தை இதில் பாருங்கள்.

ஆகவே நான்கு காரியங்களை வேண்டுகிறேன். ஒன்று: தலைமை ஆசிரியர் வாரத்தில் சில மணி நேரமாவது வகுப்பறையில் அமர்ந்து, பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிக் கேட்கட்டும். இரண்டு: மாதம் ஒருமுறை ஆசிரியர்கள் மஷூரா நடக்கட்டும். அங்கே யாரையும் கண்டிக்கக் கூடாது. பின்தங்கிய பிள்ளைக்கு என்ன செய்தோம், என்ன பலன் என்பது மட்டும் பேச்சு. மூன்று: நிர்வாகக் குழுவில் தாய்மார்களுக்கு இடம் கொடுங்கள். நான்கு: படிப்பு வரவில்லை என்ற காரணத்தால் எந்தப் பிள்ளைக்கும் டி.சி. கொடுக்காதீர்கள்.

இதனால் அடுத்த ஆண்டு உங்கள் தேர்ச்சி 92 ஆகலாம், 88 ஆகலாம். பேனர் கட்ட முடியாமல் போகலாம். பக்கத்துப் பள்ளிக்காரர் ஏளனமாகச் சிரிக்கலாம். சிரிக்கட்டும்! ஒப்படைக்கப்பட்ட பிள்ளை அமானிதம். கேள்வி கணக்கு நாளில் நம்மிடம் சதவீதம் கேட்கப்படாது. அந்தப் பிள்ளைகள் எங்கே என்று கேட்கப்படும்.

மண்டியில் கண்ட பையன் இப்போது இஷாவுக்குப் பிறகு எங்கள் பள்ளிவாசல் திண்ணையில் தமிழ் எழுத்துக் கற்கிறான். போன வாரம் தன் பெயரைப் பிழையில்லாமல் எழுதினான். தாமதம்தான். ஆனாலும் அல்ஹம்துலில்லாஹ். இன்னொரு பிள்ளைக்கு இந்தத் தாமதம் நேராமல் காக்க அல்லாஹ் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.