ஆடவர் தயக்கமும் குடற்புற்றுநோய்ப் பரிசோதனையும்
(விழாவில் ஆற்றிய உரை)

 

விழா மேடையில் மலப் பரிசோதனையைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். அந்த முகச்சுளிப்பால் உயிர்கள் போகின்றன. ஆகவே பேசத் துணிந்தேன்.

இங்கிலாந்தில் 2006ஆம் ஆண்டு முதல் பெருங்குடல் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறியும் திட்டம் நடைபெற்று வருகிறது. இன்று 50 முதல் 74 வயது வரை உள்ளோர்க்கு ஈராண்டுக்கொருமுறை அஞ்சலில் ஒரு சிறு குப்பி வருகிறது. மலத்தைக் குச்சியால் சிறிது தொட்டுக் குப்பியிலிட்டு, அஞ்சலிலேயே திருப்பி அனுப்பினால் போதும். கட்டணம் இல்லை. கண்ணுக்குப் புலப்படாத இரத்தக் கசிவை ஆய்வகம் கண்டுவிடும்.

முன்பு மூன்று முறை மலம் எடுக்க வேண்டியிருந்தது. ஒருமுறை எடுத்தால் போதும் என்ற புதிய சோதனையை 2014இல் முன்னோட்டமாக நடத்தியபோது, பங்கேற்பு நூற்றுக்கு ஏறத்தாழ 7 பேர் அளவுக்கு உயர்ந்தது. 2019இல் அதுவே நடைமுறையாயிற்று. இவ்வளவு எளிதாகியும், பெண்களைவிட ஆண்களே குறைவாகப் பங்கேற்கின்றனர். நோயோ ஆண்களையே மிகுதியாகத் தாக்குகிறது!

காரணம் என்ன? "எனக்கு ஒரு குறையும் இல்லையே" என்பது முதல் விடை. அறிகுறி இல்லாதவர்க்காகவே இச்சோதனை ஏற்பட்டது. அடுத்தது கூச்சம். பெண்கள் மார்பக, கருப்பைவாய்ப் பரிசோதனைகளுக்கு முன்பே பழகியவர்கள். ஆண்கள் பலர்க்கு இதுவே முதல் அழைப்பு. மூன்றாவது, முடிவு என்னவாகுமோ என்ற அச்சம். அங்கே நூற்றுக்கு ஏறத்தாழ 98 பேருக்கு மேற்சோதனையே தேவைப்படுவதில்லை. எஞ்சியோரிலும் பெரும்பாலோர்க்குப் புற்றுநோய் இருப்பதில்லை. 'பாலிப்' எனும் சிறு கட்டி புற்றாக மாறப் பல ஆண்டுகள் ஆகும். அதைக் கொலோனோஸ்கோபியின்போதே அகற்றிவிடலாம். முதல் நிலையில் கண்டறியப்பட்டோரில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் ஐந்தாண்டுகளைக் கடந்து வாழ்கின்றனர். நான்காம் நிலையிலோ பத்தில் ஒருவரே.

நம் வீடுகளுக்கு அத்தகைய குப்பி வருவதில்லை. நமது அரசின் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகியவற்றையே முதன்மையாகக் கொண்டுள்ளது. ஆகவே நாமே மருத்துவரிடம் கேட்டாக வேண்டும். "நாம் புலால் உண்ணாதவர்கள், நமக்கு இந்நோய் வராது" என்பார் உண்டு. புலால் உண்ணாமை துணை செய்யும். முழுக் காப்பு ஆகாது. முதுமை, பரம்பரை, உடற்பருமன், உடலுழைப்பின்மை ஆகியவை நம்மையும் விட்டுவைப்பதில்லை.

பெரியோர்களே! மலத்தில் இரத்தம் கண்டால், மூலம் என்று தாமே முடிவு செய்து களிம்பு தடவிக்கொண்டிராதீர். பெற்றோர்க்கோ உடன்பிறந்தார்க்கோ இந்நோய் இருந்திருப்பின், ஐம்பது வயது வரை காத்திராமல் மருத்துவரை அணுகுங்கள். மனைவியையும் மகளையும் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லும் குடும்பத்தலைவர், தம் பெயரையும் அங்கே பதிவு செய்துகொள்வாராக. தம் உடலைப் பேணுவதும் குடும்பத்துக்கு அவர் ஆற்றும் கடமையே.