சிறப்புக் கல்வி ஆசிரியர்க்குத் தகுதி எதற்கு?

(அறக்கட்டளையின் கல்வி உதவித்தொகை வழங்கும் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

'கல்வியும் நம் சமுதாயமும்' என்னும் பொருளில் பேசுமாறு பணித்தார்கள். பரந்த பொருள். அதில் எவரும் மேடையில் பேசாத ஒரு சிறு பகுதியை எடுத்துக்கொள்கிறேன். காது கேளாத குழந்தைக்கும், கண் தெரியாத குழந்தைக்கும், அறிவுவளர்ச்சி தாமதப்பட்ட குழந்தைக்கும், எழுத்துக் கூட்டிப் படிக்க இயலாமல் தவிக்கும் குழந்தைக்கும் அரசுப் பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுப்பவர் யார்? அவருக்கு என்ன தகுதி வேண்டும்? இதுவே என் பொருள்.

தமிழாசிரியனுக்கு இப்பொருளில் என்ன வேலை என்று நீங்கள் எண்ணலாம். வேலை இருக்கிறது. ஆசிரியருக்கு இன்ன தகுதி வேண்டும் என்று தமிழில் வரையறுத்துச் சொன்ன நூல்களுள் நன்னூல் தலையாயது. பவணந்தி முனிவர் எழுத்தையும் சொல்லையும் தொடங்குமுன் பாயிரத்திலேயே அதைப் பேசிவிடுகிறார். நல்லாசிரியருக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் ஆகிய நான்கையும் உவமையாக்குகிறார். ஆசிரியர் ஆகாதவர் யார் என்பதையும் விடாமல் சொல்கிறார். கேட்பவன் எந்த வகையில் கொள்வானோ அந்த வகையை அறிந்து கற்பிக்க வேண்டும் என்றும் கூறுகிறார். மாணாக்கரையும் அவர் தரம் பிரிக்கிறார். அன்னமும் ஆவும் போன்றோர் முதல் தரம். மண்ணும் கிளியும் போன்றோர் இடைத் தரம். இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி போன்றோர் கடைத் தரம். இல்லிக்குடம் என்றால் ஓட்டைக் குடம். ஊற்றியதெல்லாம் ஒழுகிப் போகும்.

34 ஆண்டுகள் நான் அரசுப் பள்ளிகளில் தமிழ் கற்பித்தேன். இப்பாயிரத்தை எத்தனையோ வகுப்புகளில் விளக்கியிருக்கிறேன். அப்படி விளக்கிய ஒரு நாள் நான் செய்த பிழையை இன்று உங்கள்முன் சொல்லியாக வேண்டும்.

1990-களின் தொடக்கம். ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவன். செய்யுளை இரண்டு முறை கேட்டால் பிழையின்றி ஒப்பிப்பான். வினாக்களுக்கு வாய்மொழியாக விடை சொல்வதில் வகுப்பிலேயே முதல்வன். ஆனால் எழுதச் சொன்னால் ஒரு வரி உருப்படாது. 'கொக்கு' என்று எழுதப் பணித்தால் கொம்பு ஓரிடத்திலும் கால் ஓரிடத்திலும் கிடக்கும். ரகரமும் றகரமும், லகர ளகர ழகரங்களும் ஒன்றன் இடத்தில் ஒன்று வந்து நிற்கும். சோம்பல் என்றே நான் முடிவு கட்டினேன். நூறு முறை எழுதச் சொன்னேன்; நூறும் பிழையாக வந்தன. அன்று பாயிரம் நடத்தும்போது, இல்லிக்குடம் என்றால் என்ன என்று ஒருவன் கேட்டான். நான் இவனைச் சுட்டிக் காட்டினேன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அதன் பிறகு அவன் வாய்மொழியாகவும் விடை சொல்வதில்லை. பத்தாம் வகுப்பில் தேர்ச்சி பெறாமல் நின்றுவிட்டான். ஏன் நின்றான் என்று நான் விசாரிக்கவில்லை.

ஓய்வு பெற்றபின் ஒரு நாள் வந்தவாசிப் பேருந்து நிலையத்தில் அவனைக் கண்டேன். மோட்டார் பம்புசெட் பழுது பார்க்கும் தொழிலில் நல்ல பெயர் எடுத்திருந்தான். என்னைக் கண்டதும் வணங்கினான். தேநீர் வாங்கிக் கொடுத்தான். அவன் மகள் நான்காம் வகுப்புப் படிக்கிறாள் என்றும், அவளுக்கும் தன்னைப் போலவே எழுத்து நிற்கவில்லை என்றும் சொன்னான். பின்பு, "வாரம் ஒருநாள் ஒரு டீச்சரம்மா பள்ளிக்கு வர்றாங்க, ஐயா. அவங்கதான் இது சோம்பல் இல்லேன்னு கண்டுபிடிச்சுச் சொன்னாங்க. இப்ப நாலு வரி படிக்கிறா," என்றான். அவன் குரலில் மனக்குறை ஏதும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. முதுகலைத் தமிழ் படித்த நான் ஓராண்டு முழுதும் காணாததை அந்த அம்மையார் சில வாரங்களில் கண்டறிந்திருக்கிறார்.

அன்பில் அவர் என்னைவிடச் சிறந்தவராக இருக்கலாம். ஆனால் வேற்றுமை அதனால் மட்டும் வந்ததன்று. அவர் அதற்கென்று படித்தவர். அவர் செய்ததைக் கேட்டறிந்தேன். தமிழில் 'கெ' என்று எழுதும்போது முதலில் வாயில் வருவது ககர ஒலி. ஆனால் கை முதலில் எழுதுவது ஒற்றைக்கொம்பை. 'கொ' என்றாலோ ஓர் உயிரொலியின் குறி மெய்யின் இருபுறமும் பிரிந்து நிற்கும். நமக்கு இது இயல்பாகிவிட்டது. கற்றல் குறைபாடு உள்ள குழந்தைக்கு ஒலியின் வரிசையும் எழுத்தின் வரிசையும் மாறுபடுவது பெரும் தடை. அவர் கொம்பையும் காலையும் தனித்தனி அட்டைகளாக வெட்டி, வெவ்வேறு வண்ணம் தீட்டி, குழந்தையின் கையாலேயே அடுக்க வைத்திருக்கிறார். மணலில் விரலால் எழுதச் செய்து, எழுதும்போதே உரக்கச் சொல்லச் செய்திருக்கிறார். கண், காது, கை மூன்றும் ஒருங்கே கற்கும் முறை அது. நான் நூறு முறை எழுதச் சொன்னதற்கும் இதற்கும் உள்ள தொலைவே, பயிற்சி பெறாதவருக்கும் பெற்றவருக்கும் உள்ள தொலைவு.

பிற குறைபாடுகளுக்கும் இவ்வாறே தனித்தனிக் கலை உண்டு. பார்வையற்ற குழந்தைக்குக் கற்பிப்பவர் ஆறு புள்ளிகளால் அமைந்த பிரெயில் எழுத்தை விரலால் படிக்கவும் எழுதவும் தெரிந்தவராக இருத்தல் வேண்டும். தமிழ்ப் பிரெயிலில் உயிர்க்குறி மெய்க்குப் பின்னரே, ஒலிக்கும் வரிசையிலேயே வரும் என்பது தமிழ் படித்தவர்கள்கூட அறியாத செய்தி. காது கேளாத குழந்தைக்குக் குரலை உயர்த்திப் பேசுவதால் பயனில்லை. சைகை மொழி தெரிய வேண்டும், செவித்துணைக் கருவியைச் சரிபார்க்கத் தெரிய வேண்டும். ஆட்டிசம் உள்ள குழந்தையைக் கண்ணைப் பார்த்துப் பேசு என்று வற்புறுத்துவது கல்வியாகாது.

இனி, சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். நம் பள்ளிகளில் 'சிறப்பாசிரியர்' என்றால் ஓவியம், தையல், இசை, உடற்கல்வி ஆசிரியரைக் குறிக்கும். நான் பேசுவது அவர்களைப் பற்றியன்று. சிறப்புக் கல்வி ஆசிரியர், அல்லது அலுவலக வழக்கில் 'சிறப்புப் பயிற்றுநர்' எனப்படுபவரைப் பற்றி.

1992-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் இந்திய மறுவாழ்வுக் கழகச் சட்டத்தை இயற்றியது. ஆர்.சி.ஐ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் அக்கழகமே சிறப்புக் கல்விப் படிப்புகளுக்கு அங்கீகாரம் அளிக்கிறது. பயின்றவர்களை மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பதிவு செய்து எண் வழங்குகிறது. மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் பதிவு இருப்பதுபோல இவர்களுக்கும் உண்டு. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தொடர் பயிற்சிகளில் பங்கேற்றுப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பதிவின்றி இப்பணியைச் செய்வோருக்கு ஓராண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கவும் அச்சட்டம் இடம் தருகிறது.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்க்கு இரண்டாண்டு டி.எட். சிறப்புக் கல்விப் பட்டயம் உண்டு. பட்டதாரிகளுக்கு பி.எட். சிறப்புக் கல்வி உண்டு. இரண்டுக்கும் முந்தைய படிப்பில் 50 விழுக்காடு மதிப்பெண் பொதுவான தகுதி. இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. செவித்திறன், பார்வை, அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு என்று ஏதேனும் ஒரு பிரிவில் சிறப்புப் பயிற்சி பெற வேண்டும். பட்டத்துக்குப் பின் பயிலும் பி.எட். நெடுங்காலமாக நடைபெறுவது, இப்போது நான்காண்டு ஒருங்கிணைந்த படிப்பை நோக்கி மாற்றம் தொடங்கியிருக்கிறது. ஆகவே சேரும் ஆண்டில் அக்கல்லூரிக்கும் அப்படிப்புக்கும் கழகத்தின் அங்கீகாரம் உள்ளதா என்று பார்த்த பின்னரே பணம் கட்ட வேண்டும். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கிவரும் ஒன்றிய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகள் நிறுவனம் இத்துறைக்கென்றே அமைந்தது.

சிறப்புக் கல்வி பயின்றவர் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்குப் பொது ஆசிரியராகவும் வரலாம். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2010-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி, தகுதித் தேர்வில் வென்று நியமனம் பெற்றபின் ஆறு மாதச் சிறப்புப் பயிற்சி ஒன்றை அவர் முடிக்க வேண்டும். இப்படிப்பைத் தேர்ந்தால் மற்ற கதவுகள் அடைபடும் என்ற அச்சம் வேண்டியதில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அடுத்து, குழந்தையின் உரிமை. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே ஏற்றது. என் மாணவனின் குறைபாடு அவற்றுள் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 அந்த எண்ணிக்கையை 21 ஆக்கியது. கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் அதில் இடம்பெற்றன. வரையறுத்த அளவு குறைபாடுடைய குழந்தைக்கு 6 வயது முதல் 18 வயது வரை அருகமைப் பள்ளியிலோ, விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி அதன் உரிமை என்றும் அச்சட்டம் கூறுகிறது.

உரிமை இருந்தும் ஆசிரியர் இல்லையென்றால் என்ன பயன்? இவ்வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2021 அக்டோபரில், இத்தகைய குழந்தைகளுக்கான ஆசிரியர் விகிதத்தை ஒன்றிய அரசு வரையறுத்து அறிவிக்க வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. ஒருவரே பல பள்ளிகளுக்குச் சுற்றிச் செல்வது இடைக்கால ஏற்பாடாகவே இருக்கலாம் என்றது. மற்ற ஆசிரியர்களுக்கும் இத்துறையில் பயிற்சி தர வேண்டும் என்றது. 2022-இல் ஒன்றிய அரசு, தொடக்க வகுப்புகளில் இத்தகைய 10 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர், அதற்கு மேற்பட்ட வகுப்புகளில் 15 பேருக்கு ஓர் ஆசிரியர் என்னும் விகிதத்தைக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் சேர்த்தது. அதன் பின்னும் நியமனங்கள் நடைபெறாமையால், 2025 மார்ச்சில் நீதிமன்றம் மாநிலங்கள் தேவையான பணியிடங்களைக் கணக்கிட்டு அறிவிக்க வேண்டும் என்று மீண்டும் ஆணையிட வேண்டியதாயிற்று. நெடுங்காலமாகத் தற்காலிகமாகப் பணிபுரிவோரின் தகுதியை ஆராயக் குழு அமைக்கவும் பணித்தது.

நம் மாநிலத்தில் இவர்கள் பெரும்பாலும் வட்டார வள மையத்தின்கீழ், தொகுப்பூதியத்தில், பள்ளி பள்ளியாகச் சுற்றிப் பணிபுரிகின்றனர். பள்ளிக்கு வர இயலாத குழந்தையின் வீட்டுக்கும் செல்கின்றனர். மருத்துவ முகாமுக்கு அழைத்துச் செல்வதும், அடையாள அட்டைக்கு எழுதிக் கொடுப்பதும் அவர்களே. தகுதியை நிரந்தரமாகக் கேட்டுவிட்டு, பணியை மட்டும் தற்காலிகமாகத் தருவது முறையன்று. இவ்வாறு இருந்தால் நன்கு படிக்கும் பிள்ளைகள் இத்துறைக்கு எப்படி வருவார்கள்?

"அன்பும் பொறுமையும் இருந்தால் போதாதா, பட்டயம் எதற்கு?" என்று கேட்போர் உண்டு. நோயாளியிடம் அன்புடையவர் என்பதற்காக எவரிடமும் நாம் அறுவைக்கத்தியைக் கொடுப்பதில்லை. குழந்தைக்கு ஏழு வயதில் கிடைக்க வேண்டிய பயிற்சி பதினைந்தில் கிடைத்தால் அதே பயன் விளையாது. பட்டயம் பெற்ற அனைவரும் நல்லாசிரியர் அல்லர் என்பதும் உண்மையே. ஆயினும் பட்டயம் தொடக்கநிலைத் தகுதி. அதற்கு மேல் வேண்டுவனவற்றைப் பவணந்தியார் சொல்லி வைத்திருக்கிறார்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் குழந்தைக்கு இக்கல்வி தருவதாகப் பள்ளியோ தனியார் மையமோ சொன்னால், ஆசிரியரின் பதிவு எண்ணைக் கேளுங்கள். அவர் எந்தப் பிரிவில் பயிற்சி பெற்றவர் என்று கேளுங்கள். குழந்தைக்கெனத் தனிக் கல்வித் திட்டம் எழுதப்பட்டுள்ளதா என்று கேளுங்கள். அரசுப் பள்ளியாயின் தலைமையாசிரியரையோ வட்டார வள மையத்தையோ அணுகுங்கள். பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம், மொழிப்பாட விலக்கு முதலிய சலுகைகள் உள்ளன. மருத்துவச் சான்றுடன் உரிய காலத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

இன்னொன்றையும் தயங்காமல் சொல்லிவிடுகிறேன். நம்முடையது சிறிய சமுதாயம். ஒருவர் வீட்டுச் செய்தி மறுவாரம் பத்து ஊருக்குத் தெரியும். மூத்த மகளின் திருமணப் பேச்சு தடைப்படுமோ என்று இளைய குழந்தையை வீட்டினுள் மறைத்து வைக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். மறைத்து வைத்த ஒவ்வோர் ஆண்டும் அக்குழந்தையின் கல்வியில் இழந்த ஆண்டு.

அறக்கட்டளைக்கு ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் உதவித்தொகை வழங்குகிறீர்கள், நன்று. அடுத்த ஆண்டு முதல் சிறப்புக் கல்வி பயில முன்வரும் இருவருக்கேனும் முழுக் கட்டணத்தையும் ஏற்றுக்கொள்ளுங்கள். முதல் ஆண்டுக்கு ஒருவருடைய கட்டணத்தை என் ஓய்வூதியத்திலிருந்து நான் தருகிறேன். இதை ஈகை என்று எவரும் புகழ வேண்டா. நான் தர வேண்டிய கடன் அது.

வந்தவாசியில் அன்று பிரியும்போது என் மாணவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் சிறிது நேரம் பேசாதிருந்து, "விடுங்க ஐயா, அப்ப உங்களுக்கும் யாரும் சொல்லித் தரல," என்றான். பின்பு, இருபது ஆண்டுகளுக்கு முன் நான் நடத்திய அந்தப் பாயிரத்தை அங்கேயே ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தான்.