கண்ணாடி விரியன் ஏன் சீறுகின்றது?

(அரிவு வெட்டுக்கு முன்னர் கமக்காரர் கூட்டமொன்றில் விவசாயப் போதனாசிரியர் ஆற்றிய உரை)



கதிர் முற்றிவிட்டது. இன்னுஞ் சில நாட்களில் அரிவு வெட்டுத் தொடங்கும். இன்று நெல்லைக் காப்பது பற்றியன்றி, உங்கள் உயிரைக் காப்பது பற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகின்றேன்.

விளைந்த வயலுக்கு எலி வரும். எலியைத் தேடிக் கண்ணாடி விரியன் வரும். இதனைப் புடையன் என்றும் கூறுவர். அது நம்மைத் தேடி வருவதில்லை. அதன் நஞ்சு இரையைக் கொல்வதற்கென ஊறுவது. செலவழிந்த நஞ்சு மீண்டும் ஊறுவதற்குப் பல நாட்கள் செல்லும். ஆகவே, தன்னால் விழுங்க முடியாத மனிதன்மீது நஞ்சைச் செலவிடுவதால் அதற்குப் பயனில்லை. தன்னைக் காத்துக்கொள்ளவே அது நம்மைக் கடிக்கின்றது.

அதன் தற்காப்பு மூன்று படிகளைக் கொண்டது. முதலாவது, அசையாது கிடத்தல். பழுப்பு நிறமும் கருவிளிம்புள்ள நீள்வட்டப் புள்ளிகளும் அதனைச் சருகிலும் வைக்கோலிலும் மறைத்துவிடும். இரண்டாவது, சீறல். உடலைச் சுருட்டிக் காற்றை உள்ளிழுத்துப் பருத்து, உரத்த ஓசையுடன் அதனை வெளிவிடும். இது எச்சரிக்கை. மூன்றாவதே கடி. நாம் அறியாது மிதித்துவிட்டால், எச்சரிப்பதற்கு அதற்கு நேரமில்லை. கடிகளிற் பெரும்பாலானவை பாதத்திலும் கணுக்காலிலும் ஏற்படுவது இதனாலேயே.

எனவே, பின்வருவனவற்றைக் கடைப்பிடியுங்கள்:

1. உலர்ந்த வயலில் வேலை செய்யும்போது உயரமான இறப்பர்ச் சப்பாத்து அணியுங்கள். இரவில் வெளிச்சமின்றி வரம்பில் நடவாதீர்கள்.

2. தடியால் நிலத்தைத் தட்டி நடவுங்கள். பாம்பிற்குப் புறச்செவி இல்லை. நில அதிர்வைத் தாடையெலும்பின் மூலம் உணரும். விரியன் விலகக்கூடும், அன்றேற் சீறக்கூடும். சீறினால் நின்று, மெல்லப் பின்வாங்குங்கள்.

3. உப்பட்டியையும் வைக்கோலையும், தோட்டத்தில் இட்ட மூடாக்கையும் தடியாற் புரட்டிப் பார்த்த பின்னரே கையால் அள்ளுங்கள்.

4. எலியைத் தின்னும் சாரைப்பாம்பைக் கொல்லாதீர்கள்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நான் பணியாற்றிய பகுதியில் ஒரு கமக்காரரை விரியன் கடித்தது. காலைக் கயிற்றால் இறுகக் கட்டினர், கடிவாயைக் கீறினர். நேரம் கடந்தே வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றனர். உயிர் தப்பியது, சிறுநீரகம் பழுதுற்றது. அடுத்த இரண்டு போகங்களும் அவர் வயலில் இறங்கவில்லை.

கட்டவும், கீறவும், உறிஞ்சவும் வேண்டா. கடியுண்டவரை நடக்கவிடாது, காலை அசையாமல் வைத்து, உடனே அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். 1990 என்னும் இலக்கத்திற்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். பாம்பைப் பிடித்துக் கொண்டுசெல்லத் தேவையில்லை. வலி குறைவாயிருப்பினும் தாமதியாதீர்கள். இரத்தம் உறைகின்றதா எனச் சோதித்து, வேண்டியவிடத்து நஞ்செதிர்ப்பு மருந்து ஏற்றுவர்.

வயலுக்குச் சென்ற ஒவ்வொருவரும் நெல்லுடன் நலமாக வீடு திரும்ப வேண்டும் என்பதே என் விருப்பம்.