பிள்ளை மீது தாய்க்கு என்ன உரிமை?

(செண்டாயான் வட்டாரத் தோட்டக் குடும்பங்களின் சந்திப்பில் பெண் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரை)



நான் அரசியல் பேச வந்திருக்கிறேன். "நமக்கு எதுக்கம்மா அரசியல், பிள்ளைகளைப் படிக்க வைத்து ஆளாக்கினால் போதாதா?" என்று உங்களில் பலர் நினைப்பது எனக்குத் தெரியும். நானும் இரண்டு பிள்ளைகளைப் பெற்றவள்தான். ஆனால் அந்தப் பிள்ளை எந்த நாட்டுக் குடிமகன், எந்த மதம், கணவன் மனைவி பிரிந்தால் யாரிடம் வளர வேண்டும் என்பதையெல்லாம் முடிவு செய்வது எது? நீங்கள் வேண்டாம் என்று ஒதுக்கும் அதே அரசியல்தான்!

இந்த நாட்டில் 1961-ஆம் ஆண்டு பிள்ளைகள் பாதுகாவலர் சட்டம், தந்தையைத்தான் பாதுகாவலர் என்றது. 1999-ல் அதைத் திருத்திய பிறகுதான் தாய்க்கும் சம உரிமை வந்தது. நினைத்துப் பாருங்கள். இருட்டில் எழுந்து சோறாக்கி, கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டு, பெரட்டுக்கு ஓடி, பால் வெட்டி, வாளி சுமந்து, வீடு திரும்பி மறுபடியும் அடுப்படியில் நின்றாளே நம் அம்மா, அவள் சட்டத்தின் கண்ணில் பிள்ளைக்குப் பாதுகாவலர் இல்லை! என் அம்மாவும் பால்மரம் வெட்டியவர்தான். எங்களுக்காக எல்லாம் செய்தவர் அவர், பாதுகாவலர் என்ற பெயர் மட்டும் அப்பாவுக்கு.

சரி, 1999-ல் எல்லாம் தீர்ந்ததா?

ஈப்போ பாலர் பள்ளி ஆசிரியை இந்திரா காந்தியின் கதை உங்களுக்குத் தெரியும். 2009-ல் அவர் கணவர் மதம் மாறினார். தாய்க்குத் தெரியாமலேயே மூன்று பிள்ளைகளையும் மதம் மாற்றினார். பதினொரு மாதக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனார். 2010-ல் ஈப்போ உயர்நீதிமன்றம் பிள்ளைகளைத் தாயிடமே ஒப்படைத்தது. 2016-ல் அந்த மனிதரைக் கைது செய்யும்படி போலீஸ் படைத்தலைவருக்குக் கூட்டரசு நீதிமன்றமே உத்தரவிட்டது. 2018 ஜனவரி 29-ல் ஐந்து நீதிபதிகளும் ஒருமித்து, தாய் தந்தை இருவர் சம்மதமும் இல்லாமல் பிள்ளையை மதம் மாற்றியது செல்லாது என்றார்கள். எவ்வளவு பெரிய வெற்றி! ஆனால் அந்த வெற்றிக்குப் பிறகும் ஆண்டுகள் ஓடின, தூக்கிச் சென்ற குழந்தை தாய் கைக்கு வரவில்லை.

ஈப்போ தூரம் என்று நினைக்காதீர்கள். நம் நெகிரி செம்பிலானுக்கே வருவோம். தீபா சுப்பிரமணியத்தின் கணவரும் மதம் மாறி, பிள்ளைகளையும் மாற்றினார். ஷரியா நீதிமன்றம் பிள்ளைகளைத் தந்தைக்குக் கொடுத்தது. 2014 ஏப்ரல் 7-ல் சிரம்பான் உயர்நீதிமன்றம் தாய்க்குக் கொடுத்தது. இரண்டே நாளில் தந்தை வந்து மகனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். இரண்டு நீதிமன்ற உத்தரவும் முரண்படுகிறது என்று போலீஸ் ஒதுங்கிக்கொண்டது. வழக்கு ஏறி ஏறி, 2016 பிப்ரவரி 10-ல் கூட்டரசு நீதிமன்றம் என்ன சொன்னது? மகள் தாயிடம், மகன் தந்தையிடம்.

நீதிபதிகள் பிள்ளைகளிடமும் பேசினார்கள் என்பது உண்மை. ஆனால் ஏறக்குறைய இரண்டு வருடம் தந்தையோடு வளர்ந்த சின்னப் பையன் வேறு என்ன சொல்வான்? உத்தரவை அன்றே நிறைவேற்றியிருந்தால் அந்தக் கேள்வியே எழுந்திருக்காது. ஒரு வழக்கறிஞராக எனக்கு மிகவும் வலிப்பது இதுதான். இந்த வழக்கை வீட்டில் விளக்கிக் கொண்டிருந்தபோது என் மகள் கேட்டாள், "அம்மா, இனிமே அந்த அக்காவும் தம்பியும் யாரு வீட்டுல தீபாவளி கொண்டாடுவாங்க?" என்னிடம் பதில் இல்லை.

இதை மதச் சண்டையாக யாரும் திரித்துவிட வேண்டாம். யாரும் எந்த மதத்துக்கும் போகட்டும், அது அவரவர் உரிமை. பிள்ளையைப் பெற்ற இன்னொருவரைக் கேட்காமல் செய்யாதே என்பதுதான் நம் வாதம். ஒருதலை மதமாற்றத்தைச் சட்டத்திலேயே தடுக்க 88ஏ என்ற பிரிவைக் கொண்டுவரப் போவதாகச் சொன்னார்கள். 2017 ஆகஸ்டில் அந்தப் பிரிவை எடுத்துவிட்டு மற்றதை மட்டும் நிறைவேற்றினார்கள். அப்போது நமக்காக மக்களவையில் எத்தனை குரல் எழுந்தது, யார் வாய் மூடியிருந்தார்கள் என்பதை ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் நீங்களே கேளுங்கள்.

இனி உங்கள் கையில் இருப்பதைச் சொல்கிறேன். கோயிலில் தாலி கட்டினால் போதும் என்று இன்னமும் சிலர் இருக்கிறார்கள். போதாது! 1982 மார்ச் முதல் நம் திருமணங்களைப் பதிவு செய்தே ஆக வேண்டும். பதியாத திருமணத்தில் பிறந்த பிள்ளைக்குக் குடியுரிமை தாய் வழியில்தான். தாய் இந்த நாட்டுக் குடிமகள் இல்லை என்றால், அப்பாவின் நீல அட்டை அந்தப் பிள்ளைக்கு உதவாது. பிள்ளை பிறந்த பிறகு ஓடிப்போய்ப் பதிந்தாலும் சுலபத்தில் தீராது. பள்ளிக்கூடத்தில் தொடங்கி வேலை வரை இழுக்கும். நான் பார்க்கும் கோப்புகளில் பாதி வேதனை இந்த ஒரு தாளால் வந்தது.

வெளிநாட்டுக்கு வேலைக்குப் போய், வெளிநாட்டுக்காரரை மணந்து அங்கேயே பிள்ளை பெற்ற நம் பெண்களுக்கும் ஒரு செய்தி. முன்பு வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குத் தந்தை மலேசியர் என்றால்தான் குடியுரிமை தானாக வரும், தாய் என்றால் விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். தாய்மார்கள் வழக்குப் போட்டுப் போராடியபின், 2024 அக்டோபர் 17-ல் மக்களவை அதைத் திருத்தியது. ஆனால் அது நடப்புக்கு வருமுன் பிறந்த பிள்ளைகளுக்கு இது பொருந்தாது. அவர்கள் பழைய வழியில்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

தந்தையரே, உங்களிடமும் ஒரு வார்த்தை. கோபிக்காதீர்கள். தாயை மதிக்காத சட்டம் என்று அரசாங்கத்தைத் திட்டுகிறோம். நம் வீட்டில் எப்படி? மகன் சாப்பிட்ட தட்டை அக்கா கழுவுகிறாள். பணம் ஒருவருக்குத்தான் போதும் என்றால் மகன் படிக்கிறான், மகள் தொழிற்சாலைக்குப் போகிறாள். கூட்டம் போட்டால் நாற்காலியில் ஆண்கள், தேநீர் கலக்கப் பெண்கள். மேடையில் உரிமை பேசிவிட்டு வீட்டில் கை ஓங்குகிறவரையும் நான் பார்த்திருக்கிறேன். அவருடைய மகன் எதைக் கற்றுக்கொள்வான்? என் வீட்டில் மகன்தான் இரவில் பாத்திரம் கழுவுகிறான். முதலில் முறைத்தான், இப்போது பழகிவிட்டது.

அடுத்த ஞாயிறு காலை இதே மண்டபத்தில் இருப்பேன். திருமணப் பத்திரம், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை எல்லாவற்றையும் எடுத்து வாருங்கள். இல்லாதவர்கள் இல்லை என்று சொல்லவாவது வாருங்கள். கணவர் வேலைக்குப் போயிருந்தால் நீங்கள் மட்டும் வந்தாலும் பார்த்துச் சொல்கிறேன்.